நீரிற் கரையும் உறை

மருத்துவமனையொன்றிலே தொற்றுநோயாளர் கிடந்த படுக்கை விரிப்புக்களைத் தாதியர் மெல்லிய பையொன்றிலிட்டுக் கட்டிச் சலவைக்கு அனுப்புகின்றனர். சலவை செய்வோர் அப்பையை அவிழ்ப்பதில்லை. அப்படியே சலவைப் பொறிக்குள் இடுகின்றனர். சுடுநீர் பட்டதும் பை கரைந்துவிடுகிறது. நோயாளரின் அழுக்கைக் கையால் தொடவேண்டிய தேவை அவர்களுக்கில்லை. ஆயின் ஈரத்துணி பட்டவுடனே அப்பை வழியிற் கரைந்துபோகுமாயின் அதனாற் பயன் யாது? சுடுநீரிற் கரையவும், குளிர்நீரிற் கரையாதிருக்கவும் வேண்டிய இப்பொருளின் இயல்பை வகுப்பது நீர்ப்பகுப்பு என்னும் இரசாயனத் தாக்கமாகும்.

இப்பொருளின் பெயர் பொலிவைனைல் அற்ககோல். சேர்மனியில் ஏர்மன், ஏனல் என்னும் இரு இரசாயன அறிஞர் 1924ஆம் ஆண்டில் இதனைப் பெற்றனர். பிற பல்பகுதியங்களைப் போன்று, தன் பெயருக்குரிய சிறு மூலக்கூறுகளைக் கோத்து இதனை ஆக்குதல் இயலாது. வைனைல் அற்ககோல் தனித்து நிலைபெறாது அசற்றலிடிகைட்டாக மாறிவிடும். ஆகவே சுற்றுவழியொன்றைக் கைக்கொண்டனர். முதலில் வைனைல் அசற்றேற்றை நீண்ட சங்கிலியாகக் கோப்பர். பின்னர் அச்சங்கிலியிற் தொங்கும் அசற்றேற்றுக் கூட்டங்களை நீக்கி, அவ்விடங்களில் ஐதரொட்சிற் கூட்டங்களை நிறுத்துவர். ஆலைகளில் இவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் நீரன்று, எரிசோடா சிறிது சேர்ந்த மெதனோலே. எனினும் நீர்ப்பகுப்பு என்ற பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது.

எத்தனை கூட்டங்களை நீக்குவது என்பதே இங்குள்ள சூட்சுமம். ஐதரொட்சில் நீரை நாடுவது. எனவே அது மிகுந்தோறும் கரைதிறனும் மிகும் என்றே எவரும் எண்ணுவர். ஓரளவுக்கு அஃது உண்மை. பகுப்பு நூற்றுக்கு 88 அளவில் நிற்குமாயின் பொருள் குளிர்நீரிலேயே கரையும். 98க்கு மேற் சென்றாலோ, சங்கிலிகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று நெருங்கிப் பளிங்குபோல் அடுக்குறுகின்றன. நீர் இடைபுக வழியில்லை. ஏறத்தாழ 80 செல்சியசுப் பாகைக்கு மேற் சூடாக்கினாலன்றி அது நன்கு கரையாது. எஞ்சிநின்ற பருத்த அசற்றேற்றுக் கூட்டங்களே, நெற்குவியலிற் கிடக்கும் சுள்ளிகள் போல, சங்கிலிகளை நெருங்கவிடாது தடுத்திருந்தன. நெசவாலைகளில் இதனைப் பாவுநூலுக்குக் கஞ்சியாக இடுவோரும் இவ்வேறுபாட்டை நன்கறிவர். கஞ்சி பின்னர் கழுவப்படல் வேண்டுமன்றோ.

பூச்சிநாசினித் தூளையும் இத்தகைய உறைகளிற் பொதிவதுண்டு. கமக்காரர் உறையைப் பிரியாமலே நீர்த்தொட்டியில் இடலாம். நஞ்சு கையிற் படாது. இதற்கு வேண்டுவது குளிர்நீரிற் கரையும் 88 வகை. இங்கேதான் ஓர் இடர் தோன்றுகிறது. உள்ளிருக்கும் தூள் காரத்தன்மை உடையதாயின், ஈரக்கசிவின் துணைகொண்டு, பண்டசாலையிற் கிடக்கும் மாதங்களிலே அது எஞ்சிய அசற்றேற்றையும் சிறிது சிறிதாகப் பகுத்துவிடும். ஆலையில் நிறுத்திய தாக்கம் உறைக்குள்ளே தொடர்கிறது. பார்வைக்கு உறை பழையபடியே இருக்கும். தொட்டியில் இட்டாலோ கரையாது களிபோற் திரண்டு, தெளிகருவியின் துளையை அடைக்கும். கமக்காரர் நச்சுநீரிற் கைவிட்டு அதனை எடுக்க நேரும். எதைத் தவிர்க்க உறை வந்ததோ அதுவே நிகழ்கிறது. தூளிற் போரேற்று உப்புக்கள் கலந்திருப்பினும் இவ்வாறே. அவை சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிடும்.

இதற்கு இரசாயனர் கண்ட மாற்று, சங்கிலியைக் கோக்கும்போதே காபொட்சிலிக் கூட்டம் தரும் வேறு மூலக்கூறுகளையும் சிறிதளவு சேர்த்தலாகும். காரத்தில் இக்கூட்டங்கள் மறையேற்றம் பெறுகின்றன. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால், அசற்றேற்று முற்றும் நீங்கிய பின்னரும் சங்கிலிகள் நெருங்குவதில்லை. உறையும் குளிர்நீரிற் கரைகின்றது.