குடியுரிமைத் தேர்வு: உரிமையும் கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வாழ்ந்துவரும் நம் மஹல்லாச் சகோதரர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

விடுமுறையில் ஊர் வந்த என்னை நிர்வாகிகள் அழைத்து, "நம் மஹல்லாவில் வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். உள்ளதை உள்ளபடி நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் வழக்கறிஞன் அல்லன். எனினும் நானே அத்தேர்வை எதிர்கொண்டவன்; என் உம்மாவைத் தயார்செய்து அழைத்துச் சென்றவன். அந்த அனுபவத்தின் அளவில் சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

தேர்வு எப்படிப்பட்டது?

தேர்வு என்றதும் கேள்வித்தாளும் விடைத்தாளும் நம் கண்முன் வருகின்றன. அங்கே அப்படியன்று. குடியேற்ற அதிகாரி ஒருவர் மேசைக்கு அப்பால் அமர்ந்து, வாய்மொழியாகக் கேட்பார். நாம் வாய்மொழியாகவே விடை சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை வாசிக்கவும், ஒரு வாக்கியத்தை எழுதவும் சொல்வார். விண்ணப்பத்தில் நாம் எழுதிக் கொடுத்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்ப்பார்.

குடிமையியல் கேள்விகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை, ஒளிவுமறைவு ஏதுமில்லை. 2008-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த தேர்வில் 100 கேள்விகள். அவற்றில் 10 வரை கேட்பார்கள், 6-க்குச் சரியான விடை சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20-ஆம் தேதியும் அதற்குப் பின்னரும் விண்ணப்பித்தோர்க்குப் புதிய தேர்வு: 128 கேள்விகள், அவற்றில் 20 வரை கேட்பார்கள், 12-க்கு விடை சொல்ல வேண்டும். தவறினால் 60 முதல் 90 நாட்களுக்குள், தவறிய பகுதியில் மட்டும் இன்னொரு வாய்ப்பு உண்டு.

முதியோர்க்குச் சலுகைகளும் உள. 50 வயது நிரம்பி 20 ஆண்டுகள் கிரீன் கார்டுடன் வாழ்ந்தவர்களுக்கும், 55 வயது நிரம்பி 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு இல்லை. குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத் தம் தாய்மொழியிலேயே விடை கூறலாம். 65 வயது நிரம்பி 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் குறிப்பிட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். 10 கேட்டு 6-க்கு விடை சொன்னால் தேர்ச்சி.

உம்மாவின் பாடம்

என் உம்மா 2002-ஆம் ஆண்டில், தம் 48-ஆம் வயதில், என்னிடம் வந்து சேர்ந்தார்கள். நம்மூர் மதரஸாவும் ஐந்தாம் வகுப்பும்தான் அவர்களுடைய படிப்பு. ஒருமுறை மாமாவின் உடல்நலக் குறைவால் ஊரில் எட்டு மாதம் தங்கிவிட்டார்கள். தொடர்ந்து ஆறு மாதத்திற்கு மேல் வெளியில் இருந்தால் தொடர் வசிப்பு முறிந்ததாகக் கருத இடமுண்டு என்பதை நான் அறியாதிருந்தேன். அதனால் விண்ணப்பத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட நேர்ந்தது. பிழை என்னுடையது. பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர்கள் இதை நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பின்னர் 2018-இல் விண்ணப்பித்தோம். சலுகையின்படி தமிழிலேயே விடை சொல்லலாம். நாள்தோறும் இஷாவுக்குப் பிறகு சமையலறை மேசையில் அமர்வோம். நான் கேள்வியைத் தமிழில் வாசிப்பேன். "வழிபாட்டு உரிமை என்றால் என்ன?" என்பது ஒரு கேள்வி. எந்த மதத்தையும் பின்பற்றலாம், எதையும் பின்பற்றாமலும் இருக்கலாம் என்பது அதற்கு விடை. உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"மார்க்கமே வேணாங்கிறவனுக்கும் அந்த உரிமை உண்டா, தம்பி?"

"உண்டும்மா. அதுதான் சட்டம்."

மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர்களாகவே சொன்னார்கள்: "ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். அந்தச் சட்டம் இருக்கப்போய்த்தானே நான் முக்காடு போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல நடக்கிறேன். அவனுக்கு இல்லேன்னு ஆயிட்டா, நாளைக்கு எனக்கும் இல்லேன்னுதானே ஆகும்?"

பெரியோர்களே! உரிமை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் வழங்கப்படுவது சலுகை. நமக்குப் பிடிக்காதவருக்கும் சேர்த்து வழங்கப்படுவதே உரிமை.

உரிமைகள் வந்த வழி

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சு, எழுத்து, வழிபாடு, கூடுதல், அரசிடம் முறையிடுதல் ஆகிய உரிமைகளைக் காக்கிறது. இவை குடிமக்களுக்கு மட்டுமின்றி அந்நாட்டில் வாழும் அனைவர்க்கும் உரியவை. கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பதும், கூட்டாட்சிப் பதவிக்குப் போட்டியிடுவதும் குடிமக்களுக்கே உரியவை.

ஆனால் இவ்வுரிமைகள் ஒரே நாளில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. வாக்குரிமையில் இனம், நிறம் பார்க்கலாகாது என்னும் திருத்தம் 1870-இல் வந்தது. பெண்களுக்கு அது 1920-இல் கிட்டியது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற நிலை கூட்டாட்சித் தேர்தல்களில் 1964-இல் நீங்கியது. 18 வயதினர்க்கு வாக்குரிமை 1971-இல் வந்தது. 1870-இல் எழுதப்பட்ட உரிமை தென்மாநிலக் கறுப்பின மக்களின் கைக்கு மெய்யாகவே வந்து சேர, 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டவர் கதையும் இதில் உண்டு. பகத்சிங் திண்ட் என்னும் பஞ்சாபியர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அவர் வெள்ளையர் அல்லர். ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதனை இழந்தனர். 1946-ஆம் ஆண்டின் சட்டமே இந்தியர்க்கு அந்தக் கதவைத் திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே குடியேறலாம். அச்சட்டத்திற்காகப் பாடுபட்ட தலீப் சிங் சௌந்த் 1949-இல் குடியுரிமை பெற்று, 1956-இல் நாடாளுமன்றத்திற்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2007 ஜனவரியில், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எலிசன், முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெபர்சனிடம் இருந்த திருக்குர்ஆன் பிரதியின் மீது கைவைத்து உறுதிமொழிச் சடங்கை நிறைவேற்றினார். கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் இவ்வரலாற்றையும் படிக்க வேண்டும். அப்போதுதான் விடைகள் உயிர்பெறும்.

கடமைகள்

வரி செலுத்துதல், சட்டத்திற்குக் கீழ்ப்படிதல், 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களின் பெயர் படைப் பதிவேட்டில் இருத்தல் ஆகியவை கிரீன் கார்டு உடையோர்க்கும் பொருந்தும். குடிமகனுக்கே உரிய கடமை நீதிமன்றத்தில் ஜூரியாக அமர்வது. நம் நாட்டுக் குற்ற வழக்குகளில் அம்முறை 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மறைந்துவிட்டது. அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது.

எனக்கும் ஒருமுறை அழைப்பு வந்தது. வேலை கெடுகிறதே என்று சலித்துக்கொண்டே போனேன். வீடு புகுந்து திருடியதாக ஓர் இளைஞன் மீது வழக்கு. விசாரணை நடந்த மூன்று நாட்களும் அவன் வாய் திறக்கவில்லை. "அவன் பேசாதிருப்பதைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது, ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியது அரசின் பொறுப்பு" என்று நீதிபதி எங்களுக்கு அறிவுறுத்தினார். முதல் நாளே மனத்திற்குள் அவனைக் குற்றவாளியாக்கிவிட்ட நான் தலைகுனிந்தேன். சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, இறுதியில் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றே முடிவு சொன்னோம். தேர்வுக்கு "ஜூரிக் கடமை" என்று இரண்டு சொற்களில் நான் சொன்ன விடையின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. நம் மஹல்லாப் பஞ்சாயத்துகளில் ஒரு தரப்பைக் கேட்ட மாத்திரத்தில் முடிவுகட்டிவிடும் பழக்கம் நமக்கு உண்டா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை

எனக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டுநர் உரிமம் வாங்கச் சென்றார். அங்கே உரிம விண்ணப்பத்துடன் வாக்காளராகவும் பதிந்துகொள்ளும் முறை 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. எழுத்தர் எதையோ கேட்க, புரியாமலேயே தலையசைத்துக் கையொப்பமிட்டுவிட்டார். அப்போது அவரிடம் இருந்தது கிரீன் கார்டு மட்டுமே. பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கையொப்பம் அவர் முன் வந்து நின்றது. குடிமகன் அல்லாதவர் தம்மைக் குடிமகன் என்று கூறிக்கொள்வது நாடுகடத்தும் அளவிற்குக் கடுமையான குற்றம். வழக்கறிஞர், விசாரணை என்று ஆண்டுக்கணக்கில் அவர் குடும்பம் உறக்கமின்றித் தவித்தது.

ஆகவே புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள். விண்ணப்பத்தில் பொய் எழுதாதீர்கள். பழைய வழக்கோ, அபராதமோ, வரிப் பாக்கியோ இருந்தால் மறைக்காமல், முதலில் தகுதியுள்ள வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கேள்விக்கு விடை தெரியாவிட்டால் இன்னொரு முறை முயலலாம். பொய் சொல்லி அகப்பட்டால் மீள்வது கடினம்.

உறுதிமொழியின் கனம்

தேர்ச்சிக்குப் பிறகு உறுதிமொழி. பிற நாடுகளின் மீதுள்ள பற்றுறுதியைத் துறப்பதாகவும், அந்நாட்டின் அரசியலமைப்பைக் காப்பதாகவும் சொல்ல வேண்டும். சமய நம்பிக்கையின் காரணமாக ஆயுதம் ஏந்த இயலாதவர்கள் அப்பகுதியை விட்டுச் சொல்லவும் சட்டம் இடமளிக்கிறது.

நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அக்கணமே, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுகிறது. கடவுச்சீட்டை ஒப்படைத்தாக வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்னும் ஓ.சி.ஐ. அட்டை பெற்றால் ஊருக்கு வந்துபோகத் தனி விசா வேண்டியதில்லை. ஆனால் பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அதில் வாக்குரிமை இல்லை. விளைநிலம் வாங்கவும் இயலாது.

உறுதிமொழிக்கு முந்தைய இரவு உம்மா கேட்டார்கள்: "உன் வாப்பா கபுரு நம்மூர் பள்ளிவாசல்லதானே இருக்கு. நாளையிலேருந்து நான் அந்த ஊருக்காரி இல்லையா?" எனக்கு விடை தெரியவில்லை. 100 கேள்விகளில் அது இல்லை. "போக வரத் தடையில்லைம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வெகுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "பொய்யா ஒரு வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்தா காப்பாத்துவேன்" என்றார்கள். மறுநாள் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். அடுத்து வந்த தேர்தலில் வாக்குச்சாவடிக்கு முதல் ஆளாகக் கிளம்பி நின்றவர்களும் அவர்களே.

ஆகவே, பெற்றோரை அழைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் இம்முடிவை அவர்கள் மீது சுமத்தாமல், இழப்பையும் ஆதாயத்தையும் எடுத்துச் சொல்லி, அவர்களே முடிவெடுக்க விட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நமக்கு யார் தேர்வு வைப்பார்?

நிறைவாக ஒன்று. இங்கே பிறந்த நம்மை யாரும் மேசைக்கு முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் எத்தனை பேர் தேறுவோம்? சமய உரிமையைக் காப்பது அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு என்பதும், உரிமை பறிபோனால் 32-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தையே நேரடியாக நாடலாம் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? குடிமக்களின் கடமைகள் 1976-இல் 51-அ பிரிவாகச் சேர்க்கப்பட்டதும், 2002-இல் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பது பெற்றோரின் கடமையாக அதில் இணைக்கப்பட்டதும் தெரியுமா? பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பது நம் சகோதரிகளுக்குத் தெரியுமா? வாக்காளர் பட்டியலில் நம் வீட்டார் அனைவரின் பெயரும் பிழையின்றி இருக்கிறதா?

ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு மூதாட்டி, தம் 64-ஆம் வயதில் அயல்நாட்டின் 100 கேள்விகளைப் படித்துத் தேற முடிந்தது. நம் மதரஸா மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும், மாதத்தில் ஒருநாள் மக்ரிபுக்குப் பின், நம் நாட்டு அரசியலமைப்பிலிருந்து 10 கேள்விகளை ஜமாஅத் கற்றுக்கொடுக்கலாகாதா? நிர்வாகிகள் மனம்வைத்தால் முதல் வகுப்பை என் விடுமுறை முடிவதற்குள் நானே நடத்தித்தரத் தயாராக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.