எரித்திரியா: அந்த 18 மாதம் எப்போது முடியும்?

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில், நாடுகளை அறிவோம் என்ற வரிசையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சுக்காரன் இல்லை. உயர்தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து, பார்க் றோயலில் ஒரு சாப்பாட்டுப் பக்ரறியில் இரவு வேலை செய்கிறவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் பேசியவர்கள் சுவிற்சலாந்து, சிங்கப்பூர் என்று வசதியான நாடுகளை எடுத்துவிட்டார்கள். நான் எடுத்தது எரித்திரியா.

இதற்கு இரண்டு காரணம். முதலாவது, இங்கே இருக்கிற மூத்தவர்களுக்கு 1993ஆம் ஆண்டு ஞாபகம் இருக்கும். அப்போது எனக்கு நாலு வயது. எங்கட படலையடியில் அப்பாவும் சிநேகிதர்மாரும் நின்று எரித்திரியா, எரித்திரியா என்று கதைப்பார்களாம். அது ஏதோ எங்கட சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் போலச் சந்தோசமாம். அம்மா இப்பவும் சொல்லிச் சிரிப்பா. இரண்டாவது காரணம், ஆறு வருடமாக பக்ரறியில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் ஒரு எரித்திரியர். அப்பா கதைத்த எரித்திரியாவும் இவர் சொல்லுகிற எரித்திரியாவும் ஒரே நாடுதானா என்று எனக்குக் கனகாலம் விளங்கவில்லை. அதனால்தான் தேடிப் படித்தேன்.

செங்கடல் ஓரமாக இருக்கிற நாடு. பரப்பளவு 120,000 சதுர கிலோமீற்றர் அளவில். இலங்கையைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட. சுதந்திரத்துக்குப் பிறகு குடிசன மதிப்பே எடுக்காதபடியால் சனத்தொகை ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஐ.நா. கணக்கு 35 இலட்சம் அளவில் சொல்கிறது. தலைநகர் அஸ்மாரா நுவரெலியாவை விட உயரத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஒன்பது இனங்கள், ஒன்பது மொழிகள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஏறத்தாழச் சரிபாதி. அரசகரும மொழி என்று ஒன்றைச் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. மொழிச் சட்டத்தால் பட்ட பாட்டை அறிந்த எங்களுக்கு இது பெரிய விசயம்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890 முதல் இத்தாலியின் காலனி. 1941இல் பிரித்தானியர் பிடித்தார்கள். 1952இல் ஐ.நா. தீர்மானப்படி எதியோப்பியாவுடன் சமஷ்டியாக இணைத்தார்கள். பத்து வருடத்தில், 1962இல், பேரரசர் ஹெய்லி செலாசி அந்தச் சமஷ்டியைக் கலைத்து எரித்திரியாவைத் தன்னுடைய ஒரு மாகாணம் ஆக்கிவிட்டார். அதற்கு முதல் வருடமே, 1961 செப்ரெம்பரில், ஆயுதப் போராட்டம் தொடங்கிவிட்டது. அது முப்பது வருடம் நீடித்தது. முதலில் அமெரிக்க உதவியுடனும் பிறகு சோவியத் உதவியுடனும் நின்ற, ஆபிரிக்காவின் பெரிய படைகளில் ஒன்றை எதிர்த்து நடந்த போராட்டம்.

அந்த முப்பது வருடத்தில் என்னைக் கவர்ந்தது சண்டை இல்லை. நான் பக்ரறித் தொழிலாளி. எனக்குப் பிடித்தது அவையள் மலைக்குள்ளே நடத்திய பக்ரறிகள். நக்ஃபா மலைப்பக்கத்தில், பகலில் குண்டு விழுமென்று இரவில் வேலை செய்தார்கள். குளிசை செய்தார்கள். சேலைன் செய்தார்கள். பெண் போராளிகளுக்கு மாதவிடாய்த் துணி செய்தார்கள்; படையில் மூன்றில் ஒரு பங்கு அளவு பெண்கள். ஒறோற்றா என்ற பள்ளத்தாக்கில் மறைத்துக் கட்டிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. பழைய பிளாஸ்ரிக்கை உருக்கிச் செருப்பு வார்த்தார்கள். தலைவனுக்கும் அதே செருப்பு, சமையற்காரனுக்கும் அதே செருப்பு. இன்று அஸ்மாராவில் அந்தச் செருப்புக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்த எரித்திரியர்கள் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளி அனுப்பினார்கள். இத்தாலியின் பொலோனியா நகரில் வருடாவருடம் கூடி விழா எடுத்தார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லாத கதையா, சொல்லுங்கோ?

1991 மே 24இல் அஸ்மாரா அவர்கள் கையில் வந்தது. சுமார் 65,000 போராளிகளை இழந்திருந்தார்கள். 1993 ஏப்ரலில் சர்வசன வாக்கெடுப்பு. எங்களைப் போல வெளிநாடுகளில் இருந்தவர்களும் வாக்களித்தார்கள். 99.8 வீதம் ஆம் என்றார்கள். எனது அப்பா படலையடியில் கொண்டாடியது இதைத்தான்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. அன்றைக்கு வாக்குச்சீட்டைப் போட்ட அந்த மக்களுக்கு, நாட்டின் அரசைத் தெரிவுசெய்யும் ஒரு தேசியத் தேர்தல் அதன் பிறகு நடக்கவேயில்லை. 1993இல் ஜனாதிபதியாக வந்த இசயாஸ் அபெவெர்க்கிதான் இன்றைக்கும் ஜனாதிபதி. 1997இல் அரசியல் யாப்பு ஒன்றை எழுதி ஏற்றுக்கொண்டார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. சட்டசபை 2002க்குப் பிறகு கூடவில்லை. ஒரே ஒரு கட்சி. 2001இல் அந்தக் கட்சியின் மூத்தவர்கள் 15 பேர், யாப்பை நடைமுறைப்படுத்துங்கள், தேர்தல் வையுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இவர்கள் எல்லாம் மலையில் ஒன்றாகச் செருப்புப் போட்டு நடந்தவர்கள். வெளிநாட்டு அமைச்சராக இருந்தவரும் இருந்தார். செப்ரெம்பரில் 11 பேரைப் பிடித்தார்கள். தனியார் பத்திரிகைகள் எல்லாவற்றையும் மூடினார்கள், பத்திரிகையாளரைப் பிடித்தார்கள். அவர்களில் சுவீடன் பிரசையான தாவித் இசாக்கும் ஒருவர். இன்றுவரை எவரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவில்லை. உலகம் முழுக்க அந்த மாதம் நியூயோர்க் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படைக்கு வருவோம். 1995இல் தேசிய சேவைச் சட்டம் வந்தது. ஆணும் பெண்ணும் 18 மாதம்: ஆறு மாதம் பயிற்சி, பன்னிரண்டு மாதம் வேலை. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. சுவிற்சலாந்திலும் சிங்கப்பூரிலும்கூடக் கட்டாய சேவை இருக்கிறது என்று எனக்கு முதல் பேசியவர்களே சொன்னார்கள். ஆனால் 1998இல் பாட்மே என்ற ஊரை வைத்து எதியோப்பியாவுடன் மறுபடி யுத்தம் மூண்டது. 2000 வரை நடந்தது. பல பத்தாயிரம் பேர் இரண்டு பக்கமும் செத்தார்கள்; தங்கள் பக்கத்தில் 19,000 பேர் என்று எரித்திரிய அரசே சொன்னது. 2002இல் எல்லை ஆணைக்குழு பாட்மே எரித்திரியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. எதியோப்பியா கொடுக்கவில்லை. இது எரித்திரியாவுக்கு நடந்த அநியாயம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்த அநியாயத்தைச் சாட்டி 18 மாதம் முடிவில்லாத சேவையாக மாறிவிட்டது. 2003 முதல் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடமாகிய 12ஆம் வகுப்பையே சாவா என்ற இராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். உயர்தரச் சோதனையை முகாமில் சீருடையோடு எழுதுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. ஊரடங்குக்குள்ளே 2008இல் யாழ்ப்பாணத்தில் சோதனை எழுதிய எனக்கே அது யோசிக்கக் கஷ்டமாக இருக்கிறது. நாட்டில் இருந்த ஒரேயொரு பல்கலைக்கழகத்தையும் 2006 அளவில் மூடிவிட்டார்கள்.

பொருளாதாரம் என்று தனியாக ஒன்றைப் பேச வேண்டியதில்லை. அங்கே படையும் பொருளாதாரமும் ஒன்றுதான். சேவையில் இருக்கிறவன் எல்லோரும் எல்லையில் துவக்கோடு நிற்பதில்லை. றோட்டுப் போடுகிறான், கட்சியின் கட்டிடக் கம்பனியில் சீமெந்து குழைக்கிறான், தோட்டத்தில் வேலை செய்கிறான், வகுப்பறையில் படிப்பிக்கிறான், கந்தோரில் எழுதுகிறான். பெரிய வியாபாரமும் இறக்குமதியும் கட்சியின் கம்பனிகளிடம். வரவு செலவுத் திட்டத்தைப் பகிரங்கமாக வெளியிடுவதில்லை. கனகாலமாகச் சேவைக்காரருக்கு மாதம் 500 நக்ஃபா அளவுதான் கொடுத்தார்கள். காசுக்கும் அந்த மலையின் பெயர்தான், 1997இல் வந்தது. அரசு விலைப்படி ஒரு டொலர் 15 நக்ஃபா. கணக்குப் பார்த்தால் மாதம் 33 டொலர். 2011இல் பிஷா என்ற இடத்தில் கனேடியக் கம்பனியும் அரசும் சேர்ந்து தங்கம் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே தங்களைக் கட்டாய வேலை செய்வித்தார்கள் என்று எரித்திரியர் மூன்று பேர் கனடாவில் 2014இல் வழக்குப் போட்டார்கள். கம்பனி அதை மறுத்தது. 2020இல் கனேடிய உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பிறகு வெளியே சமரசமாக முடித்தார்கள். 2016இல் ஐ.நா. விசாரணை ஆணைக்குழு இந்தச் சேவை முறையை அடிமைப்படுத்தல் என்றே எழுதியது. அரசு அதை ஏற்கவில்லை.

ஒரு விசயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1993 மே 20ஆம் தேதி, சுதந்திரப் பிரகடனத்துக்கு நாலு நாள் முன்பு, போராளிகளே அஸ்மாராவில் விமான நிலையத்தைப் பிடித்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். எதற்கு? இன்னும் சில வருடம் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று தலைமை அறிவித்ததற்கு! சம்பளத் துண்டு வாங்குகிற எங்களுக்கு இது விளங்கும். மலையில் சம்பளமில்லாமல் உழைத்தது தியாகம். ஊருக்கு வந்த பிறகும் அதையே கேட்டால் அதற்குப் பெயர் வேறு. அப்பா ஆட்கள் படலையடியில் நின்ற அந்த நாட்களிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை, அல்லது நாங்கள் கேட்க விரும்பவில்லை.

இந்தப் பேச்சை ஆயத்தம் செய்யும்போது ஒரு பெரியவர் என்னிடம், தம்பி, போராடி வென்ற நாட்டை ஏன் குறை சொல்லுறாய் என்று கேட்டார். ஐயா, நான் அந்த மக்களைக் குறை சொல்லவில்லை. நல்லதையும் சொல்கிறேன்: மலேரியா மரணத்தைப் பெருமளவு குறைத்தார்கள், குழந்தைகள் சாவதைக் குறைத்தார்கள். இத்தாலியர் போட்ட மசாவா – அஸ்மாரா றெயில் பாதையை வெளிநாட்டுக் கம்பனியை நம்பாமல் பழைய தொழிலாளர்களையே கூப்பிட்டுத் திருத்தி ஓடவைத்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் எதிரியைக் காட்டித்தான் சேவையை நீட்டினார்கள் என்றால், 2018இல் எதியோப்பியாவுடன் சமாதானம் வந்தபோது பையன்களை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் அல்லவா? அனுப்பவில்லை. 2020 முதல் 2022 வரை திக்ரேயில் நடந்த யுத்தத்துக்கு அவர்களையே அனுப்பினார்கள். எங்கட பக்கமும் பாருங்கோ, 2009இல் யுத்தம் முடிந்தது; பிறகு வடக்கில் இராணுவம் தோட்டமும் ஹோட்டலும் கடையும் நடத்தியது. யுத்தம் முடிந்தும் படை வீட்டுக்குப் போகாவிட்டால், யார் வென்றாலும் சாதாரண சனத்தின் பிழைப்பில்தான் வந்து குந்தும். இது என்னுடைய அபிப்பிராயம்.

அதனால்தான் பையன்கள் ஓடுகிறார்கள். 2013 ஒக்ரோபர் 3இல் லம்பெடூசாத் தீவடியில் ஒரு வள்ளம் கவிழ்ந்து 360 பேருக்கு மேல் செத்தார்கள், அனேகமானவர் எரித்திரியர். எனது நண்பரும் சூடான், லிபியா, கடல் என்று அதே வழியால்தான் வந்தவர். இரவு இரண்டு மணி இடைவேளையில் கன்ரீனில் தன்னுடைய பிளாஸ்கில் இருந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தருவார். அவர்களுடைய வழக்கப்படி மூன்று தரம் குடிக்க வேண்டும்; எங்கட இடைவேளைக்கு ஒன்றுதான் கட்டும். அவர் சாப்பிடுகிற இஞ்சேரா எங்கட புளித்த தோசை மாதிரி. முதல் நாள் ஒரு துண்டு கிள்ளித் தந்தபோது அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

இந்த மாசி மாதம் அவர் கன்ரீனுக்குக் கோப்பிக்குப் பதில் ஒரு கட்டுக் கடதாசி கொண்டுவந்தார். ஆறு வருடத்துச் சம்பளத்துக்கான பி60 படிவங்கள். ஊரில் அவருடைய தாய் இறந்துவிட்டா. வீட்டைத் தங்கையின் பெயருக்கு மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற எரித்திரியர் வருமானத்தில் 2 வீதம் அரசுக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கட்டாவிட்டால் இப்படியான அலுவல்கள் நகராது. இந்த வரியை மிரட்டி வாங்கக்கூடாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2011இல் தீர்மானம் போட்டது. இதே காரணத்தால் கனடா 2013இல் தூதரக அதிகாரி ஒருவரை வெளியேற்றியது. அதெல்லாம் தீர்மானத்தில். நாங்கள் இரண்டு பேரும் ரெலிபோன் கல்குலேற்றரில் தட்டிப் பார்த்தோம். 2,300 பவுணுக்குக் கிட்ட வந்தது. மலையில் இருந்தவர்களுக்குத் தன்னுடைய பெரியப்பா விரும்பிக் கொடுத்த காசு, இப்ப தன்னிடம் கேட்கிற காசாக வந்து நிற்கிறது என்றார். கட்டுவதா விடுவதா, நீ என்றால் என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய தம்பி 2005இல் சாவாவுக்குப் போனவன். இப்ப அவனுக்கு 38 வயது, இன்னும் சேவையில்தான். தாயின் செத்தவீட்டுக்கு மூன்று நாள் விட்டார்களாம்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். நண்பர் இன்று எனது அழைப்பில் இங்கே வந்து, பின்வரிசையில் இருக்கிறார். ஒரு பிளாஸ்க் கோப்பியும் கொண்டுவந்திருக்கிறார், இன்றைக்கு மூன்று தரமும் குடிக்க நேரம் இருக்கிறது. கேள்வி இருந்தால் அவரிடமே கேளுங்கோ, நான் தமிழில் சொல்கிறேன். தம்பி அங்கே இருக்கிறபடியால் படம் மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.