கரிப் பணமும் நம்ம கணக்குப் புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள், கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டங்களுக்கு அரசு தரும் நிதி’. கேட்டவுடனே, "இது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு இன்னாத்துக்கு?" என்று சில பேருக்குத் தோன்றும். ஆனால் மெட்ராஸில் இந்த வாயு எங்கே இருந்து அதிகமாக வருகிறது என்று தேடினால், நம்ம வாசலுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையம், அதன் இரண்டாம், மூன்றாம் நிலைகள், வல்லூர் அனல்மின் நிலையம் எல்லாம் சேர்ந்தால் சுமார் 4,000 மெகாவாட். கரியை எரித்து ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகிறது. வாயு வானத்துக்குப் போய் உலகத்துக்கே சூடு ஏற்றுகிறது. சாம்பல் மட்டும் நம்மிடமே தங்கிவிடுகிறது. செப்பாக்கம் பக்கம் போனவர்களுக்கும், கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடித்த குப்பத்து ஜனங்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராயபுரத்துப் பெரியவர்களுக்கு இன்னொரு விஷயம் ஞாபகம் இருக்கும். முன்பு சென்னைத் துறைமுகத்திலேயே கரி இறக்கினார்கள். காயப்போட்ட துணியில் கறுப்புத் தூள் படியும். உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2011 அக்டோபரில் அங்கே கரி இறக்குவது நின்றது. கரி வடக்கே போய், எண்ணூர் துறைமுகத்தில் இறங்கியது. அதைத்தான் இப்போது காமராசர் துறைமுகம் என்கிறோம். ராயபுரத்துக்கு மூச்சு வந்தது, எண்ணூருக்குப் பாரம் கூடியது. 1970-இல் ஆரம்பித்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் பக்கத்திலேயே புதிய நிலையங்கள் வந்துவிட்டன. மொத்தத்தில், கரி நம்ம பகுதிக்குள்ளேயே இடம் மாறியதே தவிர நம்மை விட்டுப் போகவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். கணக்கு என்றால் நமக்குப் புரியும். மாசம் 100 ரூபாய் சந்தா வாங்கினாலும் நோட்டில் எழுதுகிறோம். எதற்குச் செலவு என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். அதே கண்ணோடு இதைப் பாருங்கள்.

2010-ஆம் வருஷ மத்திய பட்ஜெட்டில், கரியின் மேல் டன்னுக்கு 50 ரூபாய் என்று ஒரு தீர்வை போட்டார்கள். சுத்தமான எரிசக்திக்குத் தேசிய நிதி சேர்க்க என்று காரணம் சொன்னார்கள். 2014-இல் அது 100 ரூபாய், 2015-இல் 200, 2016-இல் 400. வல்லூர் மாதிரி 1,500 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழு வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 20,000 டன் கரி வேண்டும். டன்னுக்கு 400 என்றால் ஒரு நாளைக்கு 80 லட்சம் ரூபாய். இது நான் போட்ட தோராயக் கணக்குதான். ஆனாலும் எவ்வளவு பெரிய உண்டியல் என்று தெரிகிறது இல்லையா?

அந்த உண்டியல் என்ன ஆச்சு? 2010 முதல் 2018 வரை நாடு முழுக்க வசூலானது சுமார் 86,440 கோடி. அதில் அந்த நிதிக்கு மாற்றியது 29,600 கோடிக்குக் கொஞ்சம் மேல். திட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 15,900 கோடி. நம்ம பாஷையில் சொன்னால், 100 ரூபாய் சந்தா வாங்கி, 34 ரூபாயைப் பெட்டியில் போட்டு, 18 ரூபாயைச் சொன்ன காரியத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் கங்கையைச் சுத்தம் செய்யக்கூடப் பணம் போனது. போகட்டும், அதுவும் ஆறுதான். கொசஸ்தலையும் ஆறுதானே என்று நாம் கேட்கலாம் அல்லவா?

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த 400 ரூபாய் மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் தீர்வையாக மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, கரியின் மேல் ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். வரி இருக்கிறது. ஆனால் ‘இது சுத்தமான எரிசக்திக்கு’ என்ற பெயர்ப் பலகை போய்விட்டது. கரி எரியும் ஊருக்கு இவ்வளவு என்று அதில் எப்போதும் எழுதப்படவில்லை. ஜெர்மனியில் 2020-இல் சட்டம் போட்டு, கரியை நிறுத்தும் பகுதிகளுக்கு மட்டும் 2038 வரை 4,000 கோடி யூரோ வரை என்று ஒதுக்கினார்கள். புது வேலை, ரயில், படிப்பு எல்லாம் அந்தப் பகுதிக்கே. அவங்க பணக்கார நாடு, தொகையில் நாம் போட்டி போட முடியாது. ஆனால் பாரம் சுமந்த ஊருக்கு முதல் பங்கு என்கிற நியாயம் பணக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை.

சரி, இப்போது கையில் என்ன திட்டங்கள் இருக்கின்றன? நம்ம பகுதிக்குத் தொடர்புள்ள நாலை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மாடி மேல் சோலார். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பிரதமர் சூரிய வீடு திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும். மாசம் 120 யூனிட் அளவுக்குக் கரண்ட் கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மானியம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், முதலில் கையிலிருந்தோ கடனிலிருந்தோ போட வேண்டும். அரசு வங்கிகள் அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. இன்னொன்று, இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் நமக்கு ஏற்கெனவே உண்டு. கரண்ட் பில்லே வராத வீட்டுக்கு சோலார் லாபம் தராது. தையல் மெஷின், மாவு மெஷின், ஐஸ் பெட்டி ஓட்டி 400, 500 யூனிட் கட்டுகிறவங்களுக்குத்தான் கணக்கு ஒத்துவரும். ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மின்வாரிய பில்லை முன்னால் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

"எங்க வூட்டு மாடி எங்களுதா? நாங்க வாடகை, இல்லாட்டி ஹவுசிங் போர்டு" என்று நிறைய பேர் சொல்வீர்கள். அங்கேதான் இந்தத் திட்டத்தில் பெரிய ஓட்டை. சொந்த மாடி இருந்தால்தான் மானியம் என்றால், வடசென்னையில் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனால் அதே திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது லைட், தண்ணி மோட்டார், லிப்ட் மாதிரிப் பொதுச் செலவுக்காக ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்று இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். பிளாக்கில் சங்கம் பதிவாகி, மாடிக்கு வாரியத்தின் அனுமதியும் கிடைத்தால் கேட்டுப் பார்க்கலாம். மோட்டார் பில் கட்டவில்லை என்று தண்ணி நின்ற பிளாக்குகளில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, பஸ். 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் 120 மின்சாரத் தாழ்தளப் பஸ்களை முதல்வர் தொடங்கிவைத்தார். பஸ்ஸுக்குச் சுமார் 208 கோடி, பணிமனைக்கு 47 கோடிக்கு மேல், உலக வங்கி உதவியோடு. தாழ்தளம் என்பதால் கூடை தூக்கிக்கிட்டு ஏறுகிற அம்மாவுக்கும், கர்ப்பிணிக்கும், முழங்கால் வலிக்காரருக்கும் நல்லது. தெருவில் புகை இல்லை. டிரைவரைத் தனியார் கம்பெனி வைக்கிறது, கண்டக்டர் கழகத்து ஆள். பஸ் எந்த ரூட்டில் ஓடணும், எத்தனை நடை என்பதில் நம்ம குரல் வேண்டும். காலையில் காசிமேட்டுக்குப் போகிறவங்களுக்கும், ராத்திரி ஷிப்ட் முடிந்து மணலியிலிருந்து திரும்புகிறவங்களுக்கும் பஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். அந்த பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏற்றும் கரண்டில் ஒரு பங்கு கரியிலிருந்துதான் வருகிறது. நம்ம மாநிலத்தில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. அது கூடக் கூடத்தான் எண்ணூர் பிள்ளைகளுக்கும் லாபம்.

மூன்றாவது, பிங்க் ஆட்டோ. 2025 மகளிர் தினத்தன்று தொடங்கியது. சென்னையில் இருக்கிற, லைசென்ஸ் உள்ள பெண்களுக்கு ஆட்டோ வாங்க அரசு ஒரு லட்சம் ரூபாய் மானியம் தருகிறது, மீதி வங்கிக் கடன். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். சி.என்.ஜி.யில் ஓடுவதால் டீசல் வண்டியைவிடப் புகை குறைவு. ஒரு எச்சரிக்கை: பெயருக்குப் பெண், ஓட்டுவது வீட்டு ஆம்பளை என்றால் வண்டியையே பறிமுதல் செய்வோம் என்று துறை சொல்லியிருக்கிறது.

நாலாவது, குப்பை. சாப்பாட்டுக் குப்பை மலை மாதிரிக் குவிந்து காற்று படாமல் அழுகினால் மீத்தேன் வருகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடு ஏற்றும். கொடுங்கையூர் கிடங்கில் 66 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பையைத் தரம் பிரித்து அகற்றச் சுமார் 640 கோடியில் வேலை நடக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அதே இடத்தில் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கும் ஆலையும் வரும் என்றார்கள். 2025 மே மாதம் அந்தப் பக்கத்து ஜனங்கள் மனிதச் சங்கிலி போட்டு எதிர்ப்புச் சொன்னார்கள். ‘பசுமை’ என்று பெயர் வைத்துவிட்டால் புகை இனிக்காது. ஈரக் குப்பையைப் பிரித்தால் எரிக்க வேண்டிய தேவையே பெருமளவு குறையும். சேத்துப்பட்டில் சாப்பாட்டுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். அந்த மாதிரி வேலைக்குக் குப்பை பிரிக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும். நம்ம குழுக்களில் இல்லாத பெண்களா?

ஆகவே, எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூணு கேள்வி கேளுங்கள். பணம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? வேலை நம்ம பகுதி ஆளுக்குக் கிடைக்குமா? புகையோ சாம்பலோ மிச்சம் இருந்தால் அது யார் வாசலில் விழும்? மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லாத திட்டத்துக்குக் கை தட்டாதீர்கள்.

எங்கே கேட்பது? தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் மாவட்ட இயக்கம் இருக்கிறது. மாநகராட்சியில் வார்டுக்கு வார்டு பகுதி சபை இருக்கிறது. கிராம சபை மாதிரி அதில் நாம் எழுந்து பேசலாம், தீர்மானம் வைக்கலாம். 2024 மார்ச்சில் 4,181 கோடியில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் ஆரம்பித்தார்கள். அதில் நம்ம வார்டுக்கு என்ன என்று 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஒருத்தி கேட்டால் "அப்புறம் வாம்மா" என்பார்கள். கூட்டமைப்பாகச் சேர்ந்து கேட்டால் அப்படித் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

அதனால் இந்த மேடையில் மூணு தீர்மானம் முன்மொழிகிறேன். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்களின் கரண்ட் பில்லைப் பார்த்து, சோலார் யாருக்குப் பொருந்தும் என்று பட்டியல் எடுக்கட்டும். ஹவுசிங் போர்டு பிளாக்குகளில் சங்கம் பதிவு செய்யக் கூட்டமைப்பு உதவட்டும். கரி எரியும் பகுதிக்கு என்று தனி நிதி ஒதுக்கக் கேட்டு மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் மனு எழுதட்டும். மனுவில் அந்த 86,440 கோடிக் கணக்கைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பதினைந்து ரூபாய் குறைந்தாலும் கணக்கு முடியாமல் வீட்டுக்குப் போகாத பெண்கள் நாம். இந்தக் கணக்கையும் அதே மாதிரி முடித்துக் கேட்போம்.