கலைஞர்க்கு அரசு அளிக்கும் கொடை



கலைஞர்க்கு அரசு பொருள் வழங்குதல் இன்று தோன்றிய வழக்கன்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் மனையொன்றும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வகுத்தான். அவர்தம் பெயரும் மனையும் கல்லில் வெட்டப்பெற்றன. ஒருவர் இறப்பின் அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்வர். அவர் தகுதியிலராயின், தகுதியுடையாரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். பிழைப்பு, தகுதி, வெளிப்படை என்னும் மூன்றும் அவ்வேற்பாட்டில் ஒருங்கே அமைந்திருத்தலைக் காண்க.

நம் மாநிலத்தில் 1955-இல் நிறுவப்பெற்ற சங்கீத நாடக சங்கமே பின்னர் இயல் இசை நாடக மன்றம் எனப் பெயர் பெற்றது. நாட்டுப்புறக் கலைஞர்க்கு 2007-இல் நல வாரியமும் அமைந்தது. இவை போற்றற்குரியனவே. ஆயினும், விருது ஒருநாட் சிறப்பு; பயிற்சியோ பல்லாண்டு உழைப்பு. உலை கொதியாத வீட்டில் நாயனம் உறையினுள்ளேயே உறங்கும். ஆதலின், ஆண்டுதோறும் தவறாது கிடைக்கும் உதவியே கலையை வாழ்விப்பது. அதனைப் பெறுவோர் பட்டியலும் அக்கல்வெட்டுப் போல் யாவரும் காண விளங்குதல் வேண்டும்.

அரசை நோக்கி இவ்வாறு வேண்டும் நாம், நம் கடமையை மறத்தல் தகுமோ? நம் சங்க நிதியினின்று, நாயனம் பயிலும் இளைஞர் ஒருவர்க்கேனும், அவர் எக்குலத்தினராயினும், ஆண்டுதோறும் பொருள் நல்குவோமாக! வாரியத்தில் பெயர் பதியாத கலைஞர்க்குப் பதிவு செய்யத் துணைபுரிவோமாக!