கழுத்து வலிக்கு நாற்காலி மட்டும்தான் காரணமா?

(நம் சங்கத்தின் உடல்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலருக்குப் பிழைப்பே கம்ப்யூட்டர் முன்னால்தான். கழுத்து, தோள், மணிக்கட்டு வலித்தால் உடனே நாற்காலியை மாற்றுகிறோம். அது தேவைதான், ஆனால் போதாது.

அமெரிக்க அரசின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் வேலை செய்த 533 பேரை ஆராய்ந்து 1992-இல் அறிக்கை தந்தது. 22 சதவீதம் பேருக்குக் கழுத்து முதல் கைவிரல் வரை எங்காவது தசை, மூட்டுப் பாதிப்பு இருந்தது. கூடிக்கொண்டே போகும் வேலை நெருக்கடி, சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலை, 'கம்ப்யூட்டர் வந்து நம் வேலை போய்விடுமோ' என்ற பயம் ஆகியவற்றுக்கும் இந்தப் பாதிப்புக்கும் தொடர்பு தெரிந்தது. அதே பயத்துக்கு இன்று ஏஐ என்று பெயர்.

மனசு இறுகினால் தோள்பட்டையும் இறுகுகிறது. மேலதிகாரி பார்ப்பாரே என்று எழுந்து நடக்கவும் தயங்குகிறோம். வலி அங்கேயே தங்கிவிடுகிறது.

மேலாளர்களாக இருப்பவர்களே, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பவரைக் கணக்குக் கேட்காதீர்கள். வேலையை எந்த வரிசையில் முடிப்பது என்பதை அவரிடமே விடுங்கள். வீட்டில் இருப்பவர்களே, "உட்கார்ந்துதானே வேலை பார்க்கிறே, உனக்கென்ன வலி?" என்று கேட்காதீர்கள். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.