மெலிந்தவர் ரத்தம் சொல்வது



மரபணு வெளிப்பாட்டுத் தரவைக் கொண்டு நோயின் வேரைத் தேடுவது பற்றிப் பேச அண்ணாமலைநகரில் கூடியிருக்கிறோம். உதாரணத்துக்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. ஜிப்மரும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய காசநோய் ஆய்வுகளுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் நம் கடலூர் மாவட்டத்து மக்களும் உண்டு.

கொடுப்பது இரண்டரை மில்லிதான். குழாயில் விழுந்த கையோடு அதை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குழாயில் இருக்கும் மருந்து ரத்தத்தோடு சரியாகக் கலக்காவிட்டால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும், அப்புறம் எந்தக் கணினியாலும் அதை மீட்க முடியாது.

2010-இல் லண்டன், தென்னாப்பிரிக்கக் காசநோயாளிகளின் ரத்தத்தில் 393 ஆர்.என்.ஏ. படிகள் சேர்ந்த ஓர் அடையாளத்தை ஆய்வாளர்கள் கண்டார்கள். நியூட்ரோபில் அணுக்களில் இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்கள் ஓங்கியிருந்தன. வைரஸோடு சேர்த்தே பேசப்பட்டுவந்த வகை 1 இன்டர்ஃபெரானுக்குக் காசநோயில் என்ன வேலை என்ற கேள்வி அப்போதுதான் வலுத்தது. சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் அந்த அடையாளம் மங்கவும் செய்தது. இத்தகைய அடையாளங்கள் நம் பகுதி மக்களிடமும் நோயையும் உறங்கும் தொற்றையும் பிரித்துக் காட்டுவதாக 2018-இல் கட்டுரை வந்தது.

என் மனதை அசைத்தது 2022-இல் வந்த இன்னொரு கட்டுரை. நோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களை அதில் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இன்னும் நோய் வரவில்லை. ஆனால் ஊட்டமில்லாமல் மெலிந்தவர்களின் ரத்தத்தில் அழற்சி கூடியிருந்தது. நோய் வரக்கூடும் என்று எச்சரிக்கும் மரபணு அடையாளங்களும் கூடியிருந்தன. சாப்பாட்டுக் குறை ஆர்.என்.ஏ. வரை இறங்கியிருக்கிறது! மறு வருடம் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆய்வு இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது: இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்ததில் புதிய காசநோய் 39 சதவீதம் குறைந்தது. பசியைப் பிணி என்று சொல்லி 1867-இல் வள்ளலார் அடுப்பு மூட்டிய வடலூரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளும், நலமானவர்களின் மாதிரிகளை மறுநாளும் இயந்திரத்தில் ஓட்டினேன். படத்தில் இரு கூட்டங்களும் அழகாகப் பிரிந்தன. பிரித்தது நோயா, நாளா என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை. ஊசிக்குக் கை நீட்டியவர்களின் ரத்தம் வீணானது. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே, கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்களே, வண்ணப்படங்களைக் காட்டுமுன் மூன்று விவரம் சொல்லுங்கள்: ரத்தம் யாருடையது, எந்த நாளில் ஓட்டினீர்கள், அவர்களின் எடை என்ன. எடை குறிக்காத தரவு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.