பல் வலிக்கு யாரிடம் கேட்பது?

(மட்டக்களப்பு வாவிக்கரைக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களிடையே நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

மலையை விட்டு இறங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். நேற்று மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டோம். பின்னேரம் மண்முனைப் பாலத்தால் போய்க் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரையும் கண்டு வந்தோம். பஸ்ஸில் பிள்ளைகள் கேட்டார்கள், "அந்தப் பக்கத்துக்கு ஏன் படுவான்கரை என்று பேர்?" என்று. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. மேற்கே சூரியன் படுகின்ற பக்கம் படுவான்கரை. 2014ஆம் ஆண்டு அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் மண்முனைத் துறையில் படகில் ஏறித்தான் சனங்கள் கடந்தார்கள். அந்தப் படகை இங்கே "பாதை" என்று சொல்வார்கள்.

இதை ஏன் சொல்றேன் என்று கேட்பீர்கள். பெரிய ஆஸ்பத்திரி பட்டினத்தில். கடும் காய்ச்சல் என்றால் பாதை ஏறிப் போவார்கள். பிரசவம் என்றாலும் போவார்கள். பல் வலிக்கு யார் போவார்? கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வீட்டில்தான் இருப்பார்கள். நம்ம கதையும் அதேதான். பல் வலி என்று டவுனுக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, பஸ் காசும் போகும். "சரி, சம்பளத்துக்குப் பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுறோம். அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல்லை, கடைசியில் கன்னம் வீங்கின பிறகு பிடுங்கிப் போட்டுவிட்டு வாறோம்.

இன்றைக்கு நான் பேச வந்தது பல் விளக்குவது பற்றி மாத்திரம் இல்லை. நம்ம பல்லுக்கு அரசாங்கத்தில் பொறுப்பானவர் யார், அவரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம்.

முதலில் பழைய கதை கொஞ்சம். வெள்ளைக்காரன் காலத்தில், 1912ஆம் ஆண்டு, தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று சட்டம் போட்டார்கள். லயத்து ஆட்களின் சுகத்தைக் கவனிக்கிற கடமை அதன்படி தோட்டத்துரை தலையில் விழுந்தது. அதனால் காய்ச்சல் என்றாலும் துரை, காயம் என்றாலும் துரை என்று நம்ம பாட்டன் பாட்டிமார் பழகிவிட்டார்கள். 1972லும் 1975லும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. 1990களுக்குப் பிறகு சில தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இவ்வளவு மாறியும் நம்ம பழக்கம் மாறவில்லை. பல் வலி என்றால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான் போறோம். அங்கே பல் வைத்தியக் கதிரை ஏது? ரெண்டு பெனடோல் தருவார்கள். அவர்களும் வேறு என்னத்தைச் செய்வது?

பல் வைத்தியம் அரசாங்கத்தின் வேலை. நாட்டில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்றால் தோட்டத்து ஆட்களும் அதற்குள் சேர்த்திதான்.

பொறுப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதை இந்த மட்டக்களப்பையே வைத்துச் சொல்றேன். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளும், எம்.ஓ.எச். காரியாலயமும் மாகாணத்தின் கீழ் வரும். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடுதான் மாகாண சபைகள் உண்டாகி, சுகாதார வேலையில் பெரும் பங்கு மாகாணத்துக்குப் போனது. இங்கே அதைக் கவனிப்பவர் மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். அவருடைய காரியாலயத்தில் பல் வேலைக்கென்றே ஒரு பிராந்திய பல் வைத்தியர் இருப்பார். எந்தக் கிளினிக்கில் ஆள் இல்லை, எங்கே கதிரை பழுது, நடமாடும் சேவை எந்த ஊருக்குப் போகணும் என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டிய வேலை.

மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் இதே ஒழுங்குதான். நுவரெலியாவுக்கும் ஒரு பணிப்பாளர், பதுளைக்கும் ஒரு பணிப்பாளர். ஆக, நம்ம பல் வலிக்கும் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசைக்குத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் போகாவிட்டால், அங்கே கஷ்டம் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இனிப் பிள்ளைகள் விஷயம். நியூசிலாந்தில் 1921ஆம் ஆண்டு ஒரு புது வேலை தொடங்கினார்கள். இளம் பெண்களைப் பயிற்றி, பாடசாலையிலேயே பிள்ளைகளின் பல்லைப் பார்க்க வைத்தார்கள். 1950களில் கொழும்புத் திட்ட உதவியோடு அந்த முறை நம்ம நாட்டுக்கும் வந்து, மகரகமையில் பயிற்சிப் பாடசாலை திறந்தார்கள். நாம் "பல்லு நேர்ஸ்" என்று சொல்கிற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் அந்த வழியில் வந்தவர்கள். 3 வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, அடைத்து, தேவையானால் பிடுங்கி விடுவது அவர்களுடைய வேலை. காசு இல்லை.

தாய்மார் இதை நல்லாக் கேளுங்க. பிள்ளைக்கு 6 வயது ஆகும்போது, பால்பல் வரிசைக்குப் பின்னால் புதுசாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது சத்தம் போடாமல் வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறோம். "சொத்தைதானே, விழுந்து முளைக்கும்" என்று விடுகிறோம். அது விழுந்தால் முளைக்காது. சாகும் வரைக்கும் சோறு மெல்ல வேண்டிய பல் அது. பல்லு நேர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தால் ஊசி முனை அளவு சொத்தையிலேயே அடைத்துவிடலாம். அவர் வராவிட்டால் 10 வயதிலேயே பல் போகும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும் பல் பரிசோதனை உண்டு. "வயித்துல பிள்ளை இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசிவது வழக்கம். அதைப் பார்க்கத்தான் கிளினிக்கிலிருந்து பல் வைத்தியரிடம் அனுப்புகிறார்கள். உங்களை அனுப்பாவிட்டால் மிட்வைஃப் அம்மாவிடம் நீங்களே கேளுங்க.

வெற்றிலை பற்றிப் பேசினால் சில பேருக்குக் கோபம் வரும். இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவரை வெற்றிலை வட்டா வைத்து வரவேற்பார்கள், அது மரியாதை. நம்ம பக்கம் குளிருக்கும் பசிக்கும் மலையில் நின்று போடுறோம். மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று சொல்லி வந்தோம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்லிவிட்டது. புகையிலை கலந்து பக்கெட்டில் வருகிற மெல்லும் சரக்குகளை விற்பதை நம்ம அரசாங்கம் 2016இல் தடை செய்தது. அப்படி ஒரு பக்கெட் கடையில் தொங்கினால் பி.எச்.ஐ. ஐயாவிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

மாதம் ஒரு தடவை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்க. உள்கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடிப்பக்கம் மூன்றையும் பாருங்க. வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கா? இரண்டு கிழமையாக ஆறாத புண் இருக்கா? உங்கள் மூன்று விரலை மேலும் கீழுமாக வைத்தால் வாய்க்குள் போகாத அளவுக்கு வாய் இறுகிப் போச்சா? காரம் பட்டால் எரியுதா? இதில் ஒன்று இருந்தாலும் பேர் போனால் போகட்டும், அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆரம்பத்தில் கண்டால் குணமாக்க வழி இருக்கு. வலி வரும் வரைக்கும் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அடுத்தது போலி ஆட்கள். ஒரு தோட்டத்தில் சம்பள நாள் பார்த்து பையோடு ஒருவர் வந்தார். லயத்து வாசலில் ஸ்டூலைப் போட்டு ஒரு அம்மாவுக்குக் கட்டுப்பல் வைத்தார். உள்ளே உடைந்து கிடந்த வேரை எடுக்காமல் அதற்கு மேலேயே பல்லை ஒட்டிவிட்டார். சில மாதத்தில் ஈறு சீழ் பிடித்து, பக்கத்துப் பல்லும் ஆடத் தொடங்கிவிட்டது. ஆளைத் தேடினால் ஆள் இல்லை. அவிக்காத கொறட்டால் பிடுங்கினால் ஈரல் அழற்சி போன்ற நோயும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்.

நம்ம நாட்டில் பல் வைத்தியம் செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேணும். தனியார் கிளினிக்குகளைப் பதிவதற்கும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. ஆகவே காசு கொடுத்துப் பல் பார்ப்பதானால், "டொக்டர், உங்க பதிவு இலக்கம் என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்க. உண்மையான வைத்தியர் கோபிக்க மாட்டார். ஸ்டூல்காரரிடம் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

சரி, கேட்பது எப்படி? ஒவ்வொரு தோட்டத்திலும் பாடசாலைப் பெற்றோரில் ஐந்தாறு பேர் சேருங்க. அதிபரிடம் போய், பல்லு நேர்ஸ் கடைசியாக வந்த திகதியைக் கேட்டு எழுதுங்க. பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு, பிராந்திய பல் வைத்தியரின் கவனத்துக்கு என்று போட்டு ஒரு கடிதம் எழுதுங்க. பாடசாலையின் பெயர், பிள்ளைகளின் தொகை, கடைசியாக வந்த திகதி, பக்கத்துக் கிளினிக் எத்தனை மைல் என்பது போதும். பிரதியை எம்.ஓ.எச்.க்கும் அதிபருக்கும் கொடுங்க. ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்க.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. பிரஜை எவரும் அரசாங்கக் காரியாலயத்தில் தகவல் கேட்கலாம். "எங்க பாடசாலைக்கு மூன்று வருஷத்தில் பல்லு நேர்ஸ் எத்தனை தரம் வந்தார்? இந்த வருஷம் எப்போது வருவார்?" என்று கேட்டால் போதும். ஏன் கேட்கிறாய் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. எழுதத் தெரியாது என்றால் வாயால் சொல்லலாம், தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேணும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேணும். இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் கொழும்பில் ஆணைக்குழு இருக்கு.

ஒன்றை மனதில் வையுங்க. அந்தப் பல்லு நேர்ஸும் வைத்தியரும் நமக்கு எதிரிகள் இல்லை. 2022 நெருக்கடிக் காலத்தில் மருந்துத் தட்டுப்பாட்டால் நாட்டின் ஆஸ்பத்திரிகள் பட்ட பாட்டை நாம் கண்டோம். ஒருவரே எத்தனையோ பாடசாலைகளைப் பார்க்கிற இடங்களும் உண்டு. நாம் எழுதுகிற கடிதம் அவர்கள் மேலிடத்தில் ஆளும் சாமானும் கேட்பதற்கு ஒரு அத்தாட்சியாக இருக்கும். சண்டை பிடிக்க வேண்டாம். விடாமல் கேட்டால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கு. கிழக்கில் வறண்ட வலயத்துக் கிணறுகள் சிலவற்றில் ஃபுளோரைட் கூடுதலாக இருந்து பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை விழுகிறது. நம்ம மலைத் தண்ணீரில் அது குறைவு, அதனால் ஃபுளோரைட் உள்ள பேஸ்ட் நமக்குக் கட்டாயம் வேணும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரிசி மணி அளவு, அதற்கு மேல் கடலை அளவு. காலையிலும் இரவு படுக்கும் முன்னும் விளக்கணும். கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும். நாம் பறிக்கிற கொழுந்திலும் இயற்கையாக ஃபுளோரைட் உண்டு. தேத்தண்ணி பல்லுக்குக் கெடுதல் இல்லை, அதில் போடுகிற மூன்று கரண்டி சீனிதான் கெடுதல். போத்தலில் சீனிப்பாலைக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைக்காதீங்க.

தோட்டத்துக்குத் திரும்பினதும் இந்த மாதத்துக்குள் மூன்று காரியம் செய்து முடியுங்க. 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் பாருங்க. வெற்றிலை போடுகிற பெரியவர்களின் வாயைப் பாருங்க. பாடசாலைக் கடிதத்தை எழுதி அனுப்புங்க. கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் என் காரியாலயத்துக்கு வாங்க, சேர்ந்து எழுதுவோம். பதில் வந்த தோட்டங்களின் விபரத்தை இந்த இதழிலேயே போடுவோம். அதைப் பார்த்து மற்றத் தோட்டங்களும் எழுதட்டும்.